லாப ஈவு 7 விழுக்காடு என்றால் கையில் எவ்வளவு வரும்?

பிரிஞ்சாங் - தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர் 55 வயதைத் தொட்டதும் ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுக்கலாம். பலருக்கு வாழ்நாளில் மொத்தமாகப் பணம் கைக்கு வருவது அந்த ஒரு தடவைதான். தோட்ட வீட்டை விட்டுப் போக வேண்டிய கவலையும் அதே சமயத்தில்தான் வரும். அந்த நேரம் பார்த்து வாட்சாப்பில் ஒரு செய்தி: "இந்த இடிஎஃப் 7 விழுக்காடு தருது, இபிஎஃப்-ஐ விட அதிகம்." பெயரில் ஓரெழுத்துதான் வித்தியாசம். கணக்கில் வித்தியாசம் நிறைய.

முதலில் இபிஎஃப். 2020இல் 5.20 விழுக்காடு, 2021இல் 6.10, 2022இல் 5.35, 2023இல் 5.50, 2024இல் 6.30. 1983 முதல் 1987 வரை 8.50 விழுக்காடு கொடுத்த காலமும் உண்டு. 2024 முழுவதும் 10,000 வெள்ளி கணக்கில் இருந்தால் ஈவு 630 வெள்ளி. போட்ட 10,000 அப்படியே இருக்கும். வழக்கமான சேமிப்புக் கணக்குக்கு 2.5 விழுக்காட்டுக்குக் குறையாமல் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

இடிஎஃப் என்பது பங்குச் சந்தையில் பங்கு போலவே விலைக்கு விற்கப்படும் நிதி. மலேசியாவில் முதல் இடிஎஃப் 2005இல் வந்தது. அது கடன் பத்திரங்களை வைத்திருப்பது. 2007இல் வந்த இன்னொன்று, மேபேங்க், பப்ளிக் பேங்க், தெனாகா போன்ற 30 பெரிய நிறுவனங்களின் பங்குகளை வைத்திருக்கிறது. அந்த நிறுவனங்கள் கொடுக்கும் ஈவைச் சேர்த்து, செலவைக் கழித்து, மீதியை யூனிட் வைத்திருப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். இவ்வளவு தருவோம் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. 2020இல் பெருந்தொற்று வந்தபோது வங்கிகள் பல ஈவைக் குறைத்தன. தங்கத்தை வைத்திருக்கும் இடிஎஃப் என்றால் பங்கிட ஈவே கிடையாது. தங்கம் குட்டி போடுமா?

அந்த 7 விழுக்காடு எப்படி வருகிறது? கடந்த 12 மாதத்தில் ஒரு யூனிட்டுக்குக் கொடுத்த ஈவை இன்றைய விலையால் வகுக்கிறார்கள். உதாரணத்துக்கு, யூனிட் விலை 1 வெள்ளி 60 காசு, ஈவு 6 காசு என்றால் 3.75 விழுக்காடு. விலை 1 வெள்ளி 20 காசுக்கு விழுந்துவிட்டால், அதே 6 காசு 5 விழுக்காடாகத் தெரியும். ஈவு ஒரு காசும் கூடவில்லை, 1.60-க்கு வாங்கியவருக்கு யூனிட்டுக்கு 40 காசு நட்டம். அதனால் விழுக்காடு பெரிதாகத் தெரிந்தால் முதலில் விலை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வருடக் கணக்கு போதாது. ஐந்து, பத்து வருடம் எத்தனை காசு கொடுத்தார்கள், விலை எப்படி நகர்ந்தது என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று: ஈவுக்கு உரியவர் யார் என்று தீர்மானிக்கும் நாள் தாண்டியதும் யூனிட் விலை ஏறக்குறைய அந்த ஈவு அளவுக்கு இறங்கும். முதல் நாள் வாங்கி, ஈவை எடுத்துக்கொண்டு மறுநாள் விற்கலாம் என்ற யோசனை பலிக்காது.

நம் சமுதாயத்துக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1982இல் தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸில் தோட்ட மக்கள் பலர் 1 வெள்ளிக்குப் பங்கு வாங்கினார்கள். ஒழுங்காக ஈவு வரவில்லை என்ற குறை நெடுநாள் ஒலித்தது. 2010இல் அந்தப் பங்குகளை வாங்க முன்வந்த விலை 80 காசு.

விலை ஏறி இறங்கும் தலைவலி வேண்டாம் என்பவர்களுக்கு அமானா சஹாம் மலேசியா போன்ற திட்டங்கள் உண்டு. அங்கே யூனிட் விலை எப்போதும் 1 வெள்ளி. அஞ்சலகத்திலும் வாங்கலாம். யூனிட் காலியாக இருக்க வேண்டும், அதுதான் சிக்கல்.

இடிஎஃப் வாங்குவது தவறென்று சொல்ல வரவில்லை. ஆனால் குறைந்தது 100 யூனிட் வாங்க வேண்டும், தரகுக் கட்டணமும் உண்டு. 160 வெள்ளிக்கு வாங்கி 8 வெள்ளி கட்டணம் போனால் 5 விழுக்காடு வாசலிலேயே போய்விட்டது. மேலே சொன்ன 3.75 விழுக்காட்டில் அதை மீட்கவே ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

55 வயதில் சேமநிதிப் பணத்தை எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தேவையானதை மட்டும் எடுத்து, மீதியை விட்டு வைக்கலாம். 100 வயது வரை ஈவு சேர்ந்துகொண்டே இருக்கும்.