வைகறையில் கூட்டுத் தேகப்பயிற்சி

தில்லியில் வாழும் நம்மவரில் பத்துப் பதினைந்து ஆடவர் பூங்காவில் கூடித் தேகப்பயிற்சி செய்வது நல்ல வழக்கமே. அதனை நடத்துபவர் முதலில் சூரியோதயத்தைக் கவனித்தல் வேண்டும். ஜனவரியில் சென்னையில் 6-30 மணியளவில் உதிக்கும் கதிரவன், இங்கே 7-15 மணி சுமாருக்குத்தான் தலைகாட்டுகிறான். ஊர்ப்பழக்கத்தை விடாது, 5-30 மணிக்கே லோடி தோட்டத்துப் பனியில் ஓடுவதை நாம் வரவேற்பதற்கில்லை. இரவில் தரையையொட்டித் தங்கும் குளிர்காற்று, புகையையும் தூசியையும் மேலெழ விடுவதில்லை. வெயில் ஏறிய பின்னரே அவை சற்றுக் கலையும். காற்றுத் தரக் குறியீடு 200ஐத் தாண்டிய நாட்களில் ஓட்டத்தை அறவே விட்டு, வீட்டினுள் ஆசனங்களோடு அமைதல் நலம்.

குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி, இரத்த அழுத்தம் உயர்கிறது. ஐம்பதைக் கடந்தோரின் இதயத்திற்கு இது கூடுதற் சுமையாகும். ஆகவே முதற் பத்து நிமிடம் மெல்ல நடக்கச் செய்து, தோளையும் முழங்காலையும் தளர்த்திய பின்பே தண்டாலும் பஸ்கியும் தொடங்கலாம்.

ஆடவர்க்கு ஒரு குணமுண்டு. அடுத்தவர் இருபது தண்டால் எடுத்தால், தாம் இருபத்தொன்று எடுக்காமல் எழமாட்டார்! எனவே எண்ணிக்கையை உரக்கச் சொல்பவர், வரிசையில் மிகத் தளர்ந்தவரின் மூச்சைப் பார்த்தே சொல்லவேண்டும். ஒரு வாக்கியத்தைத் தடையின்றிப் பேச ஒருவரால் இயலவில்லையெனில், அவருக்கு வேகம் மிகுந்துவிட்டதென்று கொள்ளலாம்.

மார்பில் இறுக்கம், தாடையிலோ இடக்கையிலோ வலி என்று எவரேனும் கூறினால், வாயுத் தொல்லையென்று சுக்குக் கஷாயத்திற்கு வழிசொல்லி வீட்டுக்கு அனுப்பலாகாது. அவரை நடக்கவிடாமல் அமரவைத்து, உடனே 112 என்ற எண்ணை அழைத்தல் வேண்டும்.