மூச்சின் நெருக்கம் எங்கே?

அரபு மொழியில் மூச்சுத்திணறலை ‘ளீக்குன் நஃபஸ்’ என்பர். ‘ளீக்’ என்றால் நெருக்கம். ஆனால் அந்த நெருக்கம் எங்கே உள்ளது என்பதைச் சொல் நமக்குக் கூறுவதில்லை. காற்றுக் குழாய்கள் சுருங்கினாலும் மூச்சுத் திணறும். குழாய்கள் திறந்திருக்க, நுரையீரல் விரிய மறுத்தாலும் திணறும். நோயாளிக்கு இரண்டும் ஒரே வேதனைதான், மருந்துகளோ வெவ்வேறு.

குழாய் சிறிது குறுகுவதை நாம் அற்பமாக எண்ணலாகாது. நுண்குழாய்களில் நீர்மங்கள் ஓடும் விதத்தை 19ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் புவாசேயின் விதிப்படி, சீரான ஓட்டத்தில் குழாயின் ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகும். ஆஸ்துமாவின் கடுமை இதனால் விளங்கும். அந்நோயில் மார்பின் சீழ்க்கை ஒலி அடங்கியதும் உறவினர் ஆறுதல் கொள்வதுண்டு. காற்றே செல்லாதபோதும் அவ்வொலி அடங்கிவிடும் என்பதை அவர்கள் அறியார்.

ஆகவே காதை மட்டும் நம்பாமல் அளந்தறிய வேண்டியுள்ளது. 1846இல் ஜான் ஹட்சின்சன் விவரித்த ஸ்பைரோமீட்டர், வெளியேறும் காற்றின் அளவைக் காட்டியது. அந்தக் காற்றுக்காக நோயாளி பட்ட பாட்டை அது காட்டவில்லை. பாட்டை அறிய நெஞ்சினுள் எழும் அழுத்தம் தெரியவேண்டும். அங்கே ஊசி செலுத்துவது ஆபத்து. எனவே சிறு பலூன் பொருத்திய மெல்லிய குழாயை மூக்கின் வழியே உணவுக்குழாய்க்குள் இறக்குகின்றனர். நுரையீரலைச் சூழ்ந்த அழுத்தத்தின் ஏற்றத்தாழ்வை அது ஏறக்குறைய உணர்த்திவிடுகிறது. உணவு செல்லும் பாதையில் நின்று மூச்சின் பாரத்தை அறியும் இவ்வுபாயம் நம்மை வியக்கவைக்கிறது!

செயற்கைச் சுவாசக் கருவியில், தாமாக மூச்சிழுக்காது கிடக்கும் நோயாளிக்கு வழி இன்னும் எளிது. சீரான வேகத்தில் காற்றைச் செலுத்தி, உள்மூச்சு முடியும் கணத்தில் ஓட்டத்தைச் சற்றே நிறுத்துவர். ஓட்டம் நின்றால் தடைக்கு வேலையில்லை. உச்சத்திலிருந்த அழுத்தம் இறங்கி ஓரிடத்தில் நிலைகொள்ளும். உச்சம் 35 செ.மீ. நீரழுத்தம், நிலைகொண்டது 20, காற்றின் வேகம் விநாடிக்கு 1 லிட்டர் எனக் கொள்வோம். வித்தியாசமான 15ஐ வேகத்தால் வகுத்தால் வருவதே தடை. இதில் தொண்டையில் செருகிய குழாயின் தடையும் அடங்கும். அக்குழாயில் சளி அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நலம்.

உச்சம் அதே 35ஆக இருந்து, 31இல் நிலைகொண்டால் தடை வெறும் 4தான். நெருக்கம் வழியில் இல்லை. அப்போது மூச்சுக்குழலை விரிக்கும் மருந்தை நாடாமல், நுரையீரலில் நீர் கோத்துள்ளதா, அது சுருங்கிக் கிடக்கிறதா, நெஞ்சறையில் காற்றுப் புகுந்து அதை அழுத்துகிறதா என்று தேடுவர்.