மணி வந்த கதை: வளர்ந்த நாயை வீட்டில் பழக்குவது எப்படி?

“நாய் வளர்க்கணும்னா குட்டியா இருக்கும்போதே கொண்டு வரணும். வளர்ந்த நாய் நம்மகிட்ட ஒட்டாது!”

எங்கள் அயனாவரம் தெருவில் இதைச் சொல்லாத ஆளே கிடையாது. நானும் அப்படித்தான் நம்பிக் கொண்டிருந்தேன், மணி எங்கள் வீட்டுக்கு வரும் வரை.

செகண்ட் இயர் லீவில் நண்பன் ஒருவனுக்குத் துணையாக ஒரு விலங்குகள் காப்பகத்துக்குப் போயிருந்தேன். குட்டிகள் இருந்த கூண்டின் முன்னால் ஒரே கூட்டம். கடைசிக் கூண்டில் ஒரு பழுப்பு நிற நாட்டு நாய் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. அதன் முன்னால் ஒருவரும் இல்லை. கழுத்தைச் சுற்றிப் பட்டை போட்ட தடம் தெரிந்தது. ஒரு காலத்தில் யார் வீட்டிலோ வளர்ந்த நாய்தான்.

“தீபாவளி வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்திருக்கும் தம்பி. தேடி யாரும் வரலை. நடுவுல ஒரு வீட்டுல கூட்டிட்டுப் போனாங்க. ஆறாவது நாளே திருப்பி விட்டுட்டாங்க” என்றார் அங்கே வேலை செய்த அண்ணன்.

“ஏண்ணே?”

“சாப்பிட மாட்டேங்குது, உறுமுதுன்னாங்க.”

நண்பர்களே, அந்த ஆறாவது நாளைத் தாண்டுவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

கொண்டு வரும் முன்

முதலில் வீட்டில் எல்லோருடைய சம்மதமும் வேண்டும். ஒருவர் முகம் சுளித்தாலும் நாய்க்குத்தான் கஷ்டம். என் அம்மா சம்மதிக்க இரண்டு வாரம் ஆயிற்று. அப்பா, “உன் அரியரை முதல்ல முடி” என்றார். முடித்தேன். அதன் பிறகே மணி வந்தது.

காப்பகத்தில் கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை சில உண்டு. எப்படி வந்தது? குழந்தைகள், மற்ற நாய்கள் அருகில் வந்தால் எப்படி நடந்துகொள்கிறது? இப்போது என்ன சாப்பிடுகிறது? வெறிநாய்க்கடித் தடுப்பூசி எப்போது போட்டார்கள்? குடற்புழு மாத்திரை கொடுத்தாயிற்றா? கருத்தடை ஆயிற்றா? தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்தபின் காது நுனியில் ‘வி’ போல ஒரு சிறு வெட்டு வைப்பார்கள். மணிக்கு அது இருந்தது. தடுப்பூசி அட்டையையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்க்கும் நாய்க்கு உரிமம் வாங்க இந்த அட்டை தேவைப்படும்.

வயதைக் கால்நடை மருத்துவர் பல்லைப் பார்த்துச் சொல்வார். ஏழு மாதத்துக்குள் நாய்க்கு நிலையான பற்கள் 42-ம் வந்துவிடும். அதன் பிறகு தேய்மானத்தையும் காரையையும் பார்த்து உத்தேசமாகத்தான் சொல்ல முடியும். மணிக்கு ஐந்து இருக்கலாம் என்றார்.

முதல் மூன்று நாள்

நான் செய்த முதல் தவறு, மணி வந்த அன்றே நாலு நண்பர்களை வீட்டுக்கு அழைத்தது. ஆளாளுக்குத் தலையைத் தடவினார்கள். மணி கட்டிலுக்கு அடியில் போனது, மறுநாள் மத்தியானம் வரை வெளியே வரவில்லை. வைத்த சோறு வைத்தபடியே இருந்தது.

இது திமிர் அல்ல, பயம். புது இடத்தில் மாட்டிக்கொண்ட நாயின் இரத்தத்தில் கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் ஏறிவிடுகிறது. காப்பகத்துக்குப் புதிதாக வந்த நாய்களுக்கு முதல் மூன்று நாள் இந்த அளவு அதிகமாக இருந்ததை 1997-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நம் வீட்டு வாசனை, மிக்ஸி சத்தம், புது முகங்கள் எல்லாம் நாய்க்கு ஒரே நேரத்தில் வந்து மோதுகின்றன. ஹாஸ்டலில் நாம் கழித்த முதல் ராத்திரியை நினைத்துப் பாருங்கள், புரியும்.

ஆகவே முதல் மூன்று நாள் விருந்தாளி வேண்டாம். குளிப்பாட்ட வேண்டாம். ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு மூலையில் பழைய சாக்கு அல்லது போர்வை, பக்கத்தில் தண்ணீர், அவ்வளவு போதும். நேராகக் கண்ணைப் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்காருங்கள். நாம் நாயிடம் போகக் கூடாது, நாய் நம்மிடம் வர வேண்டும். நான் டிராயிங் ஷீட்டைத் தரையில் விரித்து வேலை பார்த்துக் கொண்டிருந்தபோது மூன்றாம் நாள் ராத்திரி மணி வந்து என் முழங்கையை முகர்ந்தது. நான் அசையவில்லை. அசையாமல் இருந்ததுதான் நான் செய்த முதல் சரியான காரியம்.

சாப்பாட்டைச் சட்டென்று மாற்றாதீர்கள், வயிற்றுப்போக்கு வரும். காப்பகத்தில் கொடுத்ததையே கொடுத்து, ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் நாய்க்கு விஷம். வேகவைத்த கோழி எலும்பு சிராய் சிராயாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் வெளியே கூட்டிப் போனால் வீட்டுக்குள் அசுத்தம் செய்வது தானாகக் குறையும். உள்ளே செய்துவிட்டால் அடிக்காதீர்கள். எதற்கு அடி விழுந்தது என்று அதற்குத் தெரியாது. நம்மைக் கண்டு பயப்பட மட்டுமே கற்றுக்கொள்ளும்.

புது நாய் ஓடிப்போவதும் பெரும்பாலும் இந்தச் சமயத்தில்தான். கேட்டைச் சாத்தி வையுங்கள். வெளியே சங்கிலி இல்லாமல் விடாதீர்கள். கழுத்துப் பட்டையில் நம் போன் நம்பரை எழுதி மாட்டுங்கள். அன்று மணியின் கழுத்தில் அது இருந்திருந்தால் காப்பகத்துக்கே வந்திருக்காது.

ஆறாவது நாள்

எங்கள் வீட்டிலும் ஆறாவது நாள் வந்தது. மணி சாப்பிட்டுக் கொண்டிருந்தபோது அப்பா தட்டை நகர்த்தக் குனிந்தார். மணி பல்லைக் காட்டி உறுமியது. அப்பா வெளிறிப் போய்விட்டார்.

“வயசானவங்க இருக்கிற வீடுடா. காலைல கொண்டு போய் விட்டுட்டு வந்துடு.”

அப்பா சொன்னதில் தப்பில்லை, பாட்டியை நினைத்துத்தான் சொன்னார். ஆனால் திரும்பப் போனால் அது மணிக்கு இரண்டாவது தடவை. இரண்டு வீடு வேண்டாமென்று சொன்ன நாயை மூன்றாவது வீடு கேட்குமா? “மூணு வாரம் டைம் குடுங்கப்பா. அதுவரைக்கும் சாப்பாட்டை நான் வெக்கிறேன். அந்த நேரத்துல யாரும் கிட்ட வர வேணாம்” என்றேன். அப்பா பதில் சொல்லவில்லை. ஆனால் காலையில் மணி எங்கள் வீட்டில்தான் இருந்தது.

அன்றே கால்நடை மருத்துவரிடம் கூட்டிப் போனேன். வலி இருந்தாலும் நாய் உறுமும், ஆகவே முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும் என்றார். உடம்பில் கோளாறு இல்லை. பிறகு அவர் சொன்னதை நம் பாஷையில் சொல்கிறேன். கண்ட்ரோல் பேனலில் சிவப்பு விளக்கு எரிந்தால் நாம் என்ன செய்வோம்? பல்பைக் கழற்றினால் விளக்கு எரியாது, ஆனால் ஃபால்ட் அப்படியே இருக்கும். உறுமல் அந்தச் சிவப்பு விளக்கு. உறுமியதற்காக அடித்தால் நாய் உறுமுவதை விட்டுவிடும், அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும். உறுமலுக்கு முன்னாலும் அறிகுறிகள் உண்டு. உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், காதைப் பின்னால் மடிக்கும், உடம்பு விறைக்கும், கண்ணின் வெள்ளை தெரியும். அப்போதே நாம் விலகிவிட வேண்டும்.

பசியில் தெருவில் அலைந்த நாய்க்குத் தட்டருகே வரும் கை, பிடுங்க வரும் கை. அது கொடுக்க வரும் கை என்று புரிய வைக்க வேண்டும். மணி சாப்பிடும்போது எட்ட நின்று ஒரு கோழித்துண்டை அதன் பக்கம் போட்டுவிட்டு நிற்காமல் போய்விடுவேன். தினமும் அப்படியே. நான் வருவதைப் பார்த்து வால் ஆடத் தொடங்கிய பிறகே ஓரடி நெருங்கினேன். உடம்பு விறைத்தால் மறுபடி ஓரடி பின்னால். இரண்டாவது வாரம் அந்தத் துண்டை அப்பா கையில் கொடுத்தேன். வேண்டாவெறுப்பாகப் போட்டார். மூன்றாவது வாரம் அவரே கேட்டு வாங்கினார். ஆனாலும் இன்றுவரை மணி சாப்பிடும்போது யாரும் தட்டைத் தொடுவதில்லை. சிறு குழந்தைகள் வந்தால் மணியோடு தனியே விடுவதும் இல்லை.

ஒருவேளை கடியோ கீறலோ பட்டால், வீட்டு நாய்தானே என்று விடாதீர்கள். சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தனியே விட்டுப் போக

லீவு முடிந்து காலேஜ் திறந்த அன்று மணி நாள் முழுக்க ஊளையிட்டது. அப்பாவின் செருப்பு இரண்டும் காலி. இதையும் முன்னாலேயே பழக்கியிருக்க வேண்டும். ஐந்து நிமிடம் வெளியே போய் வருவது, பிறகு பத்து, அரை மணி நேரம் என்று கூட்ட வேண்டும். போகும்போதும் வரும்போதும் கொஞ்சல், ஆர்ப்பாட்டம் வேண்டாம். “போனவன் வந்துவிடுவான்” என்று நாய்க்குப் பாடமாக வேண்டும்.

அனுபவப்பட்டவர்கள் ‘மூன்று, மூன்று, மூன்று’ என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். பயம் தணிய 3 நாள், வீட்டுப் பழக்கம் புரிய 3 வாரம், இது நம் வீடு என்று நம்ப 3 மாதம். இது ஃபார்முலா அல்ல, தோராயம்தான். மணிக்கு நாலு மாதத்துக்கு மேல் ஆயிற்று. புது இன்ஜினுக்கு ‘ரன்னிங்-இன்’ கொடுக்காமல் ஃபுல் லோடில் ஓட்டுவோமா? நாய்க்கு மட்டும் ஏன் அவசரம்?

ஆகவே நண்பர்களே, ஆசைக்காக நாயைக் கொண்டு வராதீர்கள். ஃபைனல் இயர் முடிந்து வெளியூர் வேலைக்குப் போனால் யார் பார்ப்பார்கள் என்று யோசித்துவிட்டுக் கொண்டு வாருங்கள். பட்டினி கிடக்கும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும், சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் ஒரு நாயை ஒரு தடவை பார்த்தவன் அதைச் செய்ய மாட்டான்.

போன தீபாவளிக்கு முதல் வெடி வெடித்ததும் மணி நடுங்கியது. கேட்டைப் பூட்டி, ஜன்னலைச் சாத்தி, டி.வி.யைச் சத்தமாக வைத்தோம். திரும்பிப் பார்த்தால் மணியைக் காணோம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“கத்தாதடா, இங்கதான் இருக்கு” என்றார் அப்பா.

அவர் கட்டிலுக்கு அடியில், அவருடைய செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது. வெடிச் சத்தம் இன்னும் பயம்தான். ஆனால் இந்தத் தடவை ஓடுவதற்கு அதற்கு ஓர் இடம் இருந்தது.