ஊசியால் கோர்த்த நினைவகம்

1950களின் நடுவிலிருந்து 1970களின் தொடக்கம் வரை, கணினியின் நினைவகம் பெரும்பாலும் ஃபெரைட் வளையங்களால் ஆனது. தொடக்கத்தில் சுமார் 2 மில்லிமீட்டர், பின்னாளில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கருத்த வளையங்கள். ஒரு திசையில் காந்தமேறினால் 1, எதிர்த்திசையில் 0. ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்றாக இரண்டு கம்பிகள் ஓடும். தேவையான மின்னோட்டத்தில் பாதியை ஒரு குறுக்குக் கம்பியிலும் மீதிப் பாதியை ஒரு நெடுக்குக் கம்பியிலும் செலுத்தினால், இரண்டும் சேரும் ஒரே ஒரு வளையம் மட்டும் திசை மாறும். அந்த மாற்றத்தை மூன்றாவது கம்பி உணர்ந்து சொல்லும். படித்ததுமே பதிவு அழிந்துவிடுவதால் திரும்ப எழுத வேண்டும். அப்போது 0 வேண்டிய இடத்தில் 1 ஏறாமல் நான்காவது கம்பி தடுக்கும். எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரஸ்டரின் குழு 1953இல் வேர்ல்விண்ட் கணினியில் இதை இயக்கிக் காட்டியது. பெருமையை அந்தக் குழுவோடு நிறுத்திவிடுவது அநியாயம் என்பேன். 1965இல் வந்த பிடிபி-8 என்ற சிறு கணினியின் அடிப்படை நினைவகத்திலேயே 49,152 பிட்டுகள், பிட்டுக்கு ஒரு வளையம். அத்தனையிலும் கம்பி நுழைய வேண்டும். நுழைத்தவை பெரும்பாலும் பெண்களின் கைகள்.

இயந்திரம் செய்திருக்கலாமே என்று கேட்கலாம். ஐ.பி.எம். அப்படி இயந்திரங்களை உருவாக்கவும் செய்தது. ஆனாலும் 1960களின் நடுவில் தேவை பெருகியபோது கோர்க்கும் வேலை ஜப்பானுக்குப் போனது. கூலி குறைவு என்பதுதானே காரணம், இதில் திறமை எங்கே வந்தது என்பது அடுத்த கேள்வி. கூலி குறைவு என்பது உண்மை. ஆனால் கூலியைக் கொண்டு திறமையை அளக்க முடியாது. கம்பியின் மேல்பூச்சு உரசிப் போனாலோ ஒரு வளையம் விரிசல் விட்டாலோ வளையங்கள் கோர்த்த பலகை முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

அப்பல்லோ விண்கலக் கணினியில் இந்தக் கைவேலை இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் நிரந்தர நினைவகத்தில் கம்பி வளையத்துக்குள் போனால் 1, வெளியே போனால் 0. அதாவது நிரலையே கம்பியாகக் கோர்த்தார்கள். மசாசூசெட்ஸின் வால்தம் நகரில், ரேதியான் ஆலைப் பெண்கள் 36,864 ‘சொற்களை’, அதாவது பிட்டுத் தொகுதிகளை, இப்படி ஏற்றினார்கள். துளையிட்ட நாடா சட்டத்தை நகர்த்திச் சரியான துளையைக் காட்டியது என்பதால் அது வெறும் இயந்திர வேலை ஆகிவிடாது. ஊசியை நுழைத்துக் கம்பியை அறாமல் இழுத்தது கைதான். 1969 ஜூலையில் நிலவில் இறங்கும் நேரத்தில் அந்தக் கணினி சுமை தாங்காமல் சிலமுறை தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொண்டது. நிரல் கம்பியிலேயே இருந்ததால் ஒவ்வொரு முறையும் அது சேதமின்றிக் கிடைத்தது, தரையிறக்கமும் தொடர்ந்தது.