தலைமை ஸர்வர் அழிந்தால்?

ஒரு பெரிய காரியாலயத்திலே ஆயிரம் கம்ப்யூட்டர்கள் வேலை செய்கின்றன. யார் உள்ளே வரலாம், யார் எந்தத் தஸ்தாவேஜைப் பார்க்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் தலைமை ஸர்வரிடம் இருக்கிறது. அந்தத் தலைமை திடீரென்று வாயடைத்துப் போனால் என்ன ஆகும்? அந்தக் கணமே எல்லாம் ஸ்தம்பித்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நேருவதில்லை. அபாயமே அதில்தான் இருக்கிறது.

விண்டோஸ் முறையையே எடுத்துக்கொள்வோம். தன்னிடம் கடைசியாக வந்து சென்றவர்களை ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஞாபகத்தில் வைத்திருக்கிறது. வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், 10 பேர் வரையில். தலைமையிடமிருந்து பதில் வராதபோதும் பழகியவரை அது உள்ளே விடும், புதியவரை விடாது. கடைசியாகக் கிடைத்த உத்தரவுகளையே அநுசரித்துக்கொண்டிருக்கும். வேலையிலிருந்து நீக்கப்பட்டவரின் பாஸ்வேர்டைக்கூட, நீக்கிய செய்தி எட்டாத காரணத்தால், ஒப்புக்கொள்ளும். பொதுத் தஸ்தாவேஜுகளைத் திறக்கத் தலைமை அளித்த அநுமதிச் சீட்டு சாதாரணமாக 10 மணி நேரம் செல்லும். அதன் பிறகு புதுச் சீட்டுக் கொடுப்பாரில்லை. காலையில் குறையின்றி நடந்த காரியாலயத்தில் மாலைக்குள் ஒவ்வொரு கதவாக அடைபடுகிறது.

இதை அறிந்தவர்கள் தலைமை ஸர்வரை ஒன்றோடு நிறுத்துவதில்லை. பல ஊர்களிலே அதன் பிரதிகளை வைத்து, ஒன்றில் நேரும் மாறுதல் மற்றவற்றுக்கும் தானே செல்லும்படி செய்கிறார்கள். ஒன்று படுத்தால் மற்றொன்று பதில் சொல்லும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது மட்டும் போதுமா? டென்மார்க் தேசத்து மேர்ஸ்க் கப்பல் கம்பெனி இக்கேள்விக்கு மிகுந்த விலை கொடுத்து விடை கண்டது.

2017ஆம் வருஷம் ஜூன் 27ந் தேதி, உக்ரேனில் வழங்கிய கணக்கு மென்பொருள் ஒன்றின் வழியாக நாட்பெட்யா என்ற நாசகாரப் புரோகிராம் புறப்பட்டது. அக்கம்பெனிக்கு உலகெங்கும் சுமார் 150 தலைமை ஸர்வர்கள் இருந்தன. அவை ஒன்றுக்கொன்று காவல் என்று நம்பியிருந்தார்கள். எல்லாம் ஒரே சமயத்தில் அழியக்கூடும் என்பதை எவரும் எண்ணவில்லை. சில மணி நேரத்தில் அவை அழிந்தன. பல துறைமுகங்களில் எந்தப் பெட்டியில் என்ன சரக்கு, அது எங்கே போகவேண்டும் என்று சொல்வாரில்லை. மும்பைக்கு அருகிலுள்ள ஜவாஹர்லால் நேரு துறைமுகத்திலும் அக்கம்பெனியின் பகுதியில் வேலை தடைப்பட்டது.

மற்ற ஸர்வர்களின் விவரங்களுக்குத் தனிப் பிரதிகள் கிடைத்தன. ஆட்களையும் அதிகாரங்களையும் குறித்த ஏட்டுக்கு மட்டும் பிரதி அகப்படவில்லை. அது இல்லாமல் மற்றவற்றை எழுப்ப வழியில்லை. தேடித் தேடி, ஆப்பிரிக்காவில் கானா தேசத்தில் ஒரே ஒரு ஸர்வர் பிழைத்திருக்கக் கண்டார்கள். தாக்குதல் நேர்ந்த சமயம் அங்கே மின்சாரம் நின்றிருந்ததால் அது தொடர்பற்றுக் கிடந்தது! அதிலிருந்த விவரங்களைக் கம்பி வழியே அனுப்ப நாட்கணக்காகும் என்று கண்டு, ஹார்ட் டிஸ்க்கை நைஜீரியாவுக்குக் கொண்டு சென்று, அங்கிருந்து மற்றொரு சிப்பந்தி மூலம் லண்டனுக்குச் சேர்த்தார்கள். 4,000 ஸர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் 10 நாட்களில் புதிதாக அமைத்ததாகக் கம்பெனியின் தலைவர் 2018 ஜனவரியில் கூறினார். நஷ்டம் 25 கோடி முதல் 30 கோடி டாலர் வரையில் என்று கம்பெனி மதிப்பிட்டது.

ஒரு மகத்தான ஸ்தாபனத்தைக் காப்பாற்றியது அதன் திட்டமா? இல்லை, ஒரு மின்சாரத் தடை. இதை அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். ஏற்பாடு என்று சொல்ல முடியாது. ஒன்றையொன்று பார்த்து எழுதும் நூறு பிரதிகள், நாசம் வரும்போது அதையும் சேர்த்தே எழுதிக்கொள்கின்றன. தொடர்பிலிருந்து பிரித்து வைத்த ஒரு பிரதியே ஆபத்தில் உதவும்.

நமது பாங்குகளும் ரயில்வேக்களும் ஆஸ்பத்திரிகளும் இன்று இத்தகைய வலைகளையே நம்பியிருக்கின்றன. அவற்றை நடத்துவோரை நாம் கேட்பது இதுதான்: தனிப் பிரதி ஒன்று இருக்கிறதா? அதைக்கொண்டு எல்லாவற்றையும் மீண்டும் எழுப்பிப் பார்த்தது எப்பொழுது? தலைமை மௌனமான நாளிலே கிளைகள் அவசியமான காரியங்களைத் தாமே செய்துகொள்ளுமா? இவற்றுக்கு விடை சொல்ல முடியாதவர்கள், கானாவில் நின்ற மின்சாரம் தங்களுக்காகவும் ஒரு முறை நிற்கும் என்று காத்திருக்கிறார்கள். பொது ஜனங்களின் வாழ்வை அந்த நம்பிக்கையில் விட்டுவைக்க நாம் சம்மதிக்க முடியாது.