மின்சாரக் காரும் மோதற் சேதமும்

2020 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டதும், சீன மின்சாரக் கார்கள் இலங்கை வீதிகளிற் பெருகலாயின. மருதனார்மடச் சந்தியில் அத்தகைய காரொன்று மோதுண்டால் செய்யத்தக்கது யாது?

தகட்டை நிமிர்த்தி வர்ணம் பூசுதல் நம்மூர்த் தொழிலாளருக்குக் கைவந்த கலை. ஆனால், இக்காரின் மின்கலத் தொகுதி இருக்கைகளின் கீழ், அடித்தளத்தில் அமைந்துள்ளது. செம்மஞ்சட் கம்பிகளில் உயிர்கொல்லும் மின்னழுத்தம் உண்டு. பயின்றவர் அதனைத் துண்டிக்குமுன் எவரும் தொடலாகாது. சில்லுகள் உருண்டால் மோட்டார் மின்சாரத்தைப் பிறப்பிக்கும். ஆதலின் கட்டியிழுக்காது பாரவண்டியில் ஏற்றுதல் வேண்டும். நசுங்கிய மின்கலம் நாட்கள் கழிந்தும் தீப்பற்றலாம். காரை வெளியிலே தனியே நிறுத்துக.

புதிய உற்பத்தியாளரின் உதிரிப்பாகங்கள் பழைய சாமான் கடைகளிற் கிடைப்பது அரிது. காப்புறுதியில் மின்கலமும் அடங்குமா, பயின்ற திருத்துநர் அருகில் உளரா என்பவற்றை வாங்குமுன்னரே வினவுதல் அறிவுடைமை.