எந்தப் பாவத்துக்கு இந்த நோய்?

நமது மருத்துவமனையின் உள்நோயாளர் பிரிவில் எந்த நாளில் நடந்து சென்றாலும் ஒரு கேள்வி நம் காதில் விழுகிறது. கரிசல் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்து படுக்கைக்கு வந்த மூதாட்டியும் அதனைக் கேட்கிறார். அருப்புக்கோட்டையில் தறி ஓட்டும் இளைஞரும் கேட்கிறார். குழந்தையை மடியில் கிடத்தியிருக்கும் தாயும் கேட்கிறார். “நான் யாருக்கு என்ன கெடுதல் செய்தேன்? எந்தப் பாவத்துக்கு இந்த நோய்?” மருத்துவர் சர்க்கரையைப் பற்றியும் சிறுநீரகத்தைப் பற்றியும் விளக்கி முடித்த பின்னரும் அக்கேள்வி அப்படியே நிற்கிறது. சிலர் வாய்விட்டுக் கேட்பதில்லை. இது தமக்கு விதிக்கப்பட்ட தண்டனை என்று கொண்டு, மாத்திரையை ஓசையின்றி நிறுத்திவிடுகின்றனர்.

ஏறத்தாழ இதே கேள்வி புத்தரிடமும் கேட்கப்பட்டது. கேட்டவர் சீவகர் என்னும் நாடோடித் துறவி. (புத்தருக்கு மருத்துவம் பார்த்த சீவகர் வேறொருவர்.) மனிதன் படும் இன்பதுன்பம் யாவும் முன்வினைப் பயனே என்று சிலர் சொல்கின்றனரே, தங்கள் கருத்து என்ன என்பது அவர் வினா. பித்தத்தால் வரும் துன்பம் உண்டு, கபத்தால் வருவது உண்டு, வாதத்தால் வருவது உண்டு, இம்மூன்றும் ஒருங்கே கெடுவதால் வருவது உண்டு என்று புத்தர் அடுக்கிச் சொன்னார். பருவ மாற்றம், உடலைப் பேணாத நடை, பிறர் தாக்குதல் ஆகியவற்றையும் சேர்த்தார். எட்டாவதாகவே வினைப்பயனைச் சொன்னார். எல்லாவற்றுக்கும் முன்வினையே காரணம் என்போர், தாமே பட்டு அறிவதையும் உலகம் உண்மையென ஒப்புவதையும் மீறிப் பேசுகின்றனர் என்பது அவர் முடிவு. வினைக்கொள்கையைத் தம் அறத்தின் நடுவில் வைத்திருந்த ஒருவர் இப்படிச் சொன்னார் என்பதை நாம் மறக்கலாகாது. நோய்ப்படுக்கையில் இருப்பவருக்குப் பௌத்தம் தரும் முதல் ஆறுதல் இதுவே என்று நாம் கருதுகிறோம்.

இது எவரையும் சமயம் மாறச் சொல்லும் கட்டுரை அன்று. திருச்சுழித் திருமேனிநாதரை வணங்குவோரும், தர்காவுக்கு நேர்ந்துகொள்வோரும், தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றுவோரும் தத்தம் நம்பிக்கையோடு இதனைப் படிக்கலாம்.

பௌத்தத்தின் அடிப்படை நான்கு வாய்மைகள். துன்பம் உண்டு, அதற்குக் காரணம் உண்டு, அது நீங்கும், நீங்குவதற்கு வழி உண்டு. மருத்துவர் நோயைக் கண்டு, அதன் காரணத்தைத் தேடி, தீருமா என்று தெளிந்து, மருந்து எழுதும் வரிசையும் இதுவே. புத்தரை மருத்துவராகப் பௌத்த நூல்கள் உருவகிப்பது இதனால்தான். நான்காவதான வழியில் நற்காட்சி, நல்வாய்மை, நற்செய்கை முதலாக எட்டு உறுப்புகள் உள்ளன. அவற்றை இங்கு விரிக்க இடமில்லை.

ஆயினும் ஓர் உவமையைச் சொல்லியே ஆக வேண்டும். ஒருவன் உடலில் அம்பு தைக்கிறது. அந்த வலியோடு இருக்கும்போதே இரண்டாவது அம்பும் தைக்கிறது. முதல் அம்பு உடல்வலி. இரண்டாவது அம்பு, அவ்வலியைப் பற்றி மனம் படும் பாடு. ‘இனி என்ன ஆகுமோ, பிள்ளைகளுக்குச் சுமையாகிவிட்டேனே’ என்று இரவு முழுவதும் உருள்வது அது. பயிற்சி உடையவனுக்கும் முதல் அம்பு தைக்கும். இரண்டாவது தைப்பதில்லை என்றார் புத்தர். முதல் அம்பு வலிக்காது என்று அவர் சொல்லவில்லை. ஆகவே வலியை மறைத்துப் பொறுத்துக்கொள்வது பக்குவம் ஆகாது, செவிலியரிடம் சொல்லுங்கள்.

உடனிருப்போருக்கும் ஒரு செய்தி உண்டு. வயிற்றுப்போக்கினால் நலிந்த பிக்கு ஒருவர் தம் கழிவிலேயே கிடப்பதைப் புத்தர் கண்டார். பிறருக்கு அவர் உதவியதில்லையாம். அதனால் எவரும் அவரைப் பார்க்கவில்லையாம். புத்தர் நீர் ஊற்ற, ஆனந்தர் உடலைக் கழுவினார். தலைப்பக்கம் புத்தரும் கால்பக்கம் ஆனந்தரும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினர். பின்னர்ப் பிக்குகளைக் கூட்டி, தமக்குப் பணிவிடை செய்ய விரும்புவோர் நோயுற்றவருக்குச் செய்க என்றார். அத்தோடு அவர் நிற்கவில்லை. நல்ல துணையாளர் யார் என்றும் வகுத்துரைத்தார். மருந்தைச் சித்தம் செய்யத் தெரிந்தவர், ஒத்தது எது, ஒவ்வாதது எது என அறிந்தவர், ஆதாயம் கருதாதவர், மலம், சிறுநீர், வாந்தி ஆகியவற்றை அகற்ற அருவருக்காதவர், நல்லுரையால் மனத்தைத் தேற்ற வல்லவர். நோயாளரையும் அவர் விட்டுவைக்கவில்லை. அளவறியாமல் உண்பவர், மருந்து உட்கொள்ளாதவர், உள்ளதை உள்ளபடி சொல்லாதவர் முதலியோரைப் பேணுவது கடினம் என்றார். நமது வார்டுகளுக்கென்றே சொன்னது போல் இருக்கிறது!

தமிழில் இவ்வறத்தைப் பாடிய காப்பியம் மணிமேகலை. அதில் வரும் ஆபுத்திரன் கதை நம் பக்கத்தில் நடப்பது. பெற்றவளால் கைவிடப்பட்டு, பின்னர் ஊராராலும் விலக்கப்பட்ட அவன், மதுரைக்கு வந்து சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் தங்குகிறான். வீடுதோறும் இரந்து பெற்ற சோற்றைப் பார்வையற்றோர், செவி கேளாதோர், நடக்க இயலாதோர், நோயுற்றோர் ஆகியோரை அழைத்து ஊட்டிவிட்டு, மிஞ்சியதைத் தான் உண்கிறான். மழைக்கால இரவு ஒன்றில் பசித்தோர் வந்து எழுப்பியபோது கையில் ஒன்றும் இல்லாமல் வருந்துகிறான். அப்போது தேவி தந்ததே அமுதசுரபி. பன்னீராண்டு மழையற்றுப் பாண்டிநாடு வாடியதையும் அக்காப்பியம் சொல்கிறது. வறட்சியை அறிந்த நமக்கு அது புதிதன்று.

பின்னர் அப்பாத்திரம் மணிமேகலையிடம் வருகிறது. யானைத்தீ என்னும் தீராப் பசிநோயால் துன்புற்ற காயசண்டிகைக்கு அவள் உணவிட்டு அந்நோயைத் தீர்க்கிறாள். முனிவர் ஒருவரின் சாபத்தால் வந்த நோய் அது. யார் சபித்தது, தவறு யாருடையது என்று விசாரித்துக்கொண்டிருக்காமல் மணிமேகலை ஒரு பிடி சோற்றை இட்டாள் என்பதே நமக்குப் பிடித்தது.

கதை மட்டுமன்றிக் கல்லிலும் சான்று உண்டு. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் ஆண்ட அசோகர் பௌத்தத்தைத் தழுவியவர். அவருடைய இரண்டாம் பாறைக் கல்வெட்டு, தம் ஆட்சிப் பகுதியில் மட்டுமன்றிச் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும் இலங்கையிலும் இருவகை மருத்துவத்துக்கு ஏற்பாடு செய்ததாகக் கூறுகிறது. ஒன்று மனிதருக்கு, மற்றொன்று விலங்குகளுக்கு. மூலிகைகள் இல்லாத இடங்களுக்கு அவற்றைக் கொண்டுவந்து நட்டதையும், வழிகளில் கிணறு வெட்டி மரம் வைத்ததையும் அது குறிக்கிறது.

விலங்குகளும் அவ்வரியில் இடம்பெற்றது நமக்கு வியப்பைத் தரவில்லை. காயம் ஆறுமுன்பே வீட்டுக்கு அனுப்பச் சொல்லி மன்றாடுவோரிடம் காரணம் கேட்டால், “ஆடுகளுக்குத் தண்ணி காட்ட ஆளில்லை” என்கின்றனர்.